ஞானராஜ் உடைத்த சுவர்

செம்பாக்கத்தில் என் வீட்டு வாசலில் சைக்கிளை நிறுத்திவிட்டு, ஞானராஜ் சார் காலமாகிவிட்டார் என்றார் ஆபீஸ் பியூன். சனிக்கிழமை இரங்கல் கூட்டம், பெரியவர் தலைமை என்றும் சொன்னார். எனக்கு அழுகை வரவில்லை. ஆத்திரம்தான் வந்தது. பெரியவர் என்பது எங்கள் பழைய மேலதிகாரி. ஞானராஜை சஸ்பெண்ட் செய்ததே அந்த மனிதர்தான்.

நானும் ஞானராஜும் ஒரே அறையில் இருந்த பொறியாளர்கள். அவரோடு வேலை பார்த்தவர்களுக்கு அவருடைய வாளி நினைவிருக்கும். எந்தச் சுவர் கட்டி முடித்தாலும் அதன் பின்னால் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றி, அது எங்கே போகிறது என்று நின்று பார்ப்பார். தோட்டக்காரர் வந்துவிட்டார் என்று கேலி செய்வோம். அவருக்குக் கோபமே வராது.

அறுபதுகளின் கடைசியில் ஒரு மீனவக் குப்பத்துக்குக் கடற்சுவர் கட்டினோம். ஆளுயரச் சுவர். அதன் அடியில் வரிசையாகத் துளைகளும், கடல் பக்கம் மட்டும் திறக்கும் பலகைக் கதவுகளும் வேண்டும் என்று ஞானராஜ் சண்டை போட்டு வாங்கினார். "புயல் வந்தா கடலே மேல ஏறி நிக்கும். அதுக்கு மேலதான் அலை அடிக்கும். அன்னிக்கு இந்தச் சுவரு முழங்கால் உயரந்தான். தாண்டி வர்ற தண்ணி திரும்பிப் போக வேணாமா?" என்பார்.

திறப்பு விழாவுக்கு முன்தினம் பெரியவர் வந்தார். துளைகள் சாக்கடை மாதிரி அசிங்கமாக இருக்கின்றனவாம். அடைத்துப் பூசி வெள்ளையடிக்கச் சொன்னார். அடைத்து முடிந்ததும் ஞானராஜ் அவர் கண்ணெதிரே வாளியைக் கவிழ்த்தார். தண்ணீர் சுவரடியில் தேங்கி நின்றது. பெரியவர் தன் பூட்ஸ் நனையாமல் நகர்ந்துகொண்டார், அவ்வளவுதான்.

அந்த மழைக்காலத்திலேயே புயல் வந்தது. தாம்பரத்திலிருந்து ஜீப்பில் நாங்கள் போய்ச் சேர்ந்தபோது காற்று அடங்கி, கடல் பின்வாங்கியிருந்தது. சுவருக்கு உள்ளேதான் இடுப்பளவுத் தண்ணீர். மண் வீடுகள் ஊறி, ஒவ்வொன்றாகச் சரிந்துகொண்டிருந்தன. பிள்ளையைத் தோளில் ஏற்றியிருந்த ஒருத்தி எங்களிடம் கேட்டாள்: "கடலு திரும்பிப் போய்கினு கீது சார். இது மட்டும் இன்னாத்துக்கு எங்க வூட்டுலயே நிக்குது?"

சர்க்கார் சுவர், மேலிடத்து உத்தரவு இல்லாமல் தொடக்கூடாது என்றார் பெரியவர், ஜீப்பை விட்டு இறங்காமலே. ஞானராஜ் கடப்பாரையை எடுத்தார். துளைகள் இருந்த இடம் அவருக்கு மனப்பாடம். ஒன்று உடைந்ததும் குப்பத்து ஆட்கள் சேர்ந்துகொண்டார்கள், நானும்தான். சாயங்காலத்துக்குள் வீடுகளில் தரை தெரிந்தது. மிச்ச வீடுகள் தப்பின.

அரசாங்கச் சொத்தைச் சேதப்படுத்தினார் என்று அவரை வேலையிலிருந்து நிறுத்தி வைத்தார்கள். திரும்ப எடுத்தபோது, சிமெண்டு மூட்டைகளைக் காவல் காக்கக் கிடங்குக்கு அனுப்பினார்கள். கடைசிவரை அங்கேதான். இத்தனைக்கும், அப்புறம் எழுந்த கடற்சுவர்களில் எல்லாம் அதே துளைகள்! அவை பெரியவரின் யோசனை என்று ஊரெல்லாம் பேச்சு. என்ன அநியாயம் இது?

சனிக்கிழமை அவர் படத்துக்கு மாலை போடுவார்கள். ஒரு நிமிடம் மௌனமாக நிற்கச் சொல்வார்கள். அன்றைக்கு அந்தக் குப்பத்தில் ஞானராஜ் சும்மா நிற்கவில்லை. அவரிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது அது ஒன்றுதான். எல்லாரும் தலைகுனிந்து நிற்கும் அந்த நிமிடத்தில் நான் பெரியவரைப் பார்த்துக் கேட்கப்போகிறேன்: அந்தத் துளைகளை அடைக்கச் சொன்னது யார்?