வெற்றிவேல் போகாமல் விட்ட டெஸ்ட்

லாரியைப் பின்னால் எடுக்கும் முன் வெற்றிவேல் கீழே இறங்கிவிடுவான். கண்ணாடியை நம்ப மாட்டான். ராஜகீழ்ப்பாக்கத்துக் குறுக்குத் தெருக்களில் தண்ணீர் லாரி திரும்புவதே பெரும்பாடு. பின்சக்கரத்தடியில் குனிந்து, நாய் படுத்திருக்கிறதா, குழந்தை நிற்கிறதா என்று பார்த்து, "யாரும் இல்லபா" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டுதான் ஏறுவான். தொட்டி நிரம்பி முடித்ததும் வீட்டுக்காரர்கள் யாராவது "வால்வை மூடிட்டீங்களாண்ணா?" என்று கேட்டுவிட்டால் கோபம் வந்துவிடும். "நான் மூடாத வால்வு மெட்ராஸ்லயே கெடையாது மேடம்!"

அப்படிப்பட்டவன் ஒரு விஷயத்தில் மட்டும் திரும்பிப் பார்க்காமல் விட்டான்.

அவன் மனைவி கங்கம்மா சானடோரியம் பக்கம் ஒரு ஆயத்த ஆடை கம்பெனியில் தைக்கிறாள். இரண்டு பெண் குழந்தைகள், இரண்டும் வயிற்றைக் கிழித்து எடுத்தவை. இரண்டாவது பிரசவத்தில் ரத்த அழுத்தம் எகிறி, வலிப்பே வந்துவிட்டது. அவள் கண் திறக்கும் வரை ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்ற நிற்பை வெற்றிவேல் மறக்கவில்லை. "இனிமே அவ மேல கத்தி படக்கூடாது" என்று பொங்கல் கழித்து அவனே போய்க் கருத்தடை ஆபரேஷன் செய்துகொண்டான். லாரிக்குத் தண்ணீர் ஏற்றும் இடத்தில் இன்னொரு டிரைவர் ஸ்ரீரங்கன் அதை வைத்து ஒரு வாரம் சிரித்தான். "இன்னா மச்சான், வண்டிய ஷெட்ல வுட்டுட்டியாமே?" வெற்றிவேலும் சேர்ந்து சிரித்தான்.

ஆபரேஷனின்போதே டாக்டர் சரோஜினி தெளிவாகத்தான் சொல்லியிருந்தார். மூன்று மாதம் ஆணுறை போட வேண்டும். அதன் பிறகு விந்துப் பரிசோதனை. அதில் ஒன்றுமில்லை என்று வந்தால்தான் நிம்மதி. மூன்று மாதம் போயிற்று. பரிசோதனைக்கு அவன் போகவில்லை. "கப்ப கைல குடுத்து பாத்ரூமுக்குப் போ சொல்வாங்கோ. வெளிய சிஸ்டருங்க நின்னுகினு இருப்பாங்கோ. வெக்கமா கீது கங்கா." எல்லாம் சரியாகத்தான் இருக்கும் என்று அவனே தீர்ப்பும் சொல்லிக்கொண்டான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, கோழி கழுவிக்கொண்டிருந்தவனிடம் கங்கம்மா அந்தக் குச்சியைக் காட்டினாள். இரண்டு கோடுகள்.

"ஊரு பேசுறது அப்பாலிக்கா இர்க்கட்டும். நீ இன்னா நெனைக்கிற? அத்த மொதல்ல சொல்லு."

ஆஸ்பத்திரிக் கட்டிலில்கூட அவள் முகத்தில் அப்படியொரு பயத்தை அவன் பார்த்ததில்லை. தன்னிடம் அவள் இப்படிக் கேட்க வேண்டியிருக்கிறதே என்பதுதான் அவனுக்குச் சுருக்கென்று தைத்தது.

"டெஸ்டுக்குப் போவாம வுட்டவன் நானு. நீ இன்னாத்துக்கு மூஞ்ச அப்பிடி வெச்சிக்கினு கீற?"

அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. கோழி நாற்றம் அடிக்கும் கையோடு அவன் அவள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டான்.

மறுநாள் டாக்டரைப் பார்க்க முதலாளியிடம் காரணத்தைச் சொல்லி அவன் லீவு கேட்டபோது ஸ்ரீரங்கன் காதில் விழுந்துவிட்டது. "கட் பண்ணவன் வூட்ல எப்பிடி மச்சான்..." என்று இழுத்தான். வெற்றிவேல் கையில் ஸ்பேனர் இருந்தது. அதைக் கீழே வைத்தான்.

"வால்வ மூடுனதும் தண்ணி நிக்குதா? ஹோஸ்ல கீறது வருமா வராதா? டாக்டர் டெஸ்ட் குடுன்னாங்க, நான் குடுக்கல. தப்பு எம்மேல. இதுக்கு மேல எவனாவது கங்காவப் பத்திப் பேசுனா, பேஜாராயிடும்."

ஸ்ரீரங்கன் தன் லாரிக்கு ஹோஸை மாட்டப் போனான்.

இந்த முறை அவன் கப்பை வாங்கிக்கொண்டு போனான். "இன்னும் கொஞ்சம் விந்தணு மிச்சம் இருக்கு, வெற்றிவேல். சிலருக்கு நாளாகும். அதுக்குத்தான் டெஸ்டே" என்றார் டாக்டர். பிறகு கங்கம்மாவிடம் திரும்பினார். பழைய தையல், பழைய வலிப்பு, மூன்றாவது முறை என்னென்ன ஆகலாம் என்று ஒளிக்காமல் சொன்னார். ஆஸ்பத்திரிக் கண்காணிப்பிலேயே இருந்தால் பெற்றெடுக்கவும் முடியும். வேண்டாம் என்றால் இப்போதே வந்திருப்பது நல்லது.

"இவரு கையெழுத்து போடணுமா டாக்டர்?"

"வேண்டாம்மா. முடிவு உங்களோடது. உங்க சம்மதம் போதும்."

கங்கம்மா கைப்பையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டாள். "ரெண்டு பொண்ணுங்களுக்கு நான் வோணும் டாக்டர்" என்றாள்.

வெற்றிவேல் மனதுக்குள் முந்தின ராத்திரியே ஒரு பெயர் வைத்துவிட்டிருந்தான். அதை யாரிடமும் சொல்லவில்லை. மாடிப்படி இறங்கும்போது அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "செரி கங்கா" என்றான். "நீ சொல்றதுதான்."

கருக்கலைப்பு மாத்திரையிலேயே முடிந்தது. அந்த நாட்களில் அவன் லாரியைத் தொடவில்லை. துணி துவைத்தான், பெண்களுக்குத் தலை பின்னினான். அவன் வைத்த ரசத்தில் மிளகு தூக்கலாகி மூன்று பேரும் தும்மினார்கள். படுத்த இடத்திலிருந்தே கங்கம்மா வாய்விட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்டுத்தான் அவனுக்கு மூச்சு சீரானது.

சில வாரங்கள் கழித்து, யாரும் நினைவுபடுத்தாமலே, மறுபடியும் டெஸ்டுக்குப் போனான். இன்னும் ஒருமுறை போனான். இனி பயமில்லை என்று டாக்டர் சொன்னதும் ஆஸ்பத்திரி வாசலிலிருந்தே கங்கம்மாவுக்கு போன் போட்டுக் கத்தினான். பக்கத்தில் மெஷின்களெல்லாம் ஓடிக்கொண்டிருந்த சத்தத்தில், "மெதுவா சொல்லுய்யா, சூப்பர்வைசர் பாக்குறாரு" என்றாள் அவள். ஆனால் போனை வைக்கவில்லை.

போன வாரம், மற்றவர்கள் டீ குடிக்கப் போன நேரத்தில், ஸ்ரீரங்கன் வெற்றிவேலின் லாரிப் பக்கம் வந்து டயரை உதைத்துக்கொண்டு நின்றான். ஸ்ரீரங்கன் மனைவிக்கு இப்போதுதான் மூன்றாவது பிறந்திருக்கிறது.

"மச்சான்... அது ரொம்ப வலிக்குமா?"

வெற்றிவேல் சிரிக்கவில்லை. இடப்பக்கக் கதவைத் திறந்து, சீட்டில் கிடந்த கயிற்றையும் சாப்பாட்டுப் பையையும் எடுத்துப் பின்னால் போட்டுவிட்டு, துண்டால் சீட்டைத் துடைத்தான்.

"ஏறு."