கன்னியம்மா வழிமறித்த தீர்மானம்

படப்பையில் செல்போன் பழுது பார்க்கும் கடை ஒன்றில் போன வாரம் நின்றுகொண்டிருந்தேன். கடைக்காரத் தம்பி சூடான கம்பியை ஈயத்தில் வைத்தான். மெல்லிய நீலப் புகை எழுந்தது. கருகிய பிசினைப் போல ஒரு வாசனை. ‘அக்கா, தள்ளி நில்லுங்க, கண்ணு எரியும்’ என்றான். அவனுக்கு என்ன தெரியும்? அந்தப் புகையில்தான் என் இருபதாவது வயது கழிந்தது.

1991-இல் ஒரகடம் சாலையில் இன்றைய கம்பெனிகள் எதுவும் கிடையாது. ஏரியும் வேலிக்காத்தான் முள்ளும் அங்கங்கே சில தொழிற்கூடங்களும்தான். அதில் ஒன்றில், மின்சாரச் சுவிட்சு செய்யும் இடத்தில், ஈயம் பற்றவைக்கும் சால்டரிங் வரிசையில் இருந்தேன். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை உள்ளே போய்ப் பார்த்த முதல் ஆள் நான். அதுவும் பிளஸ் டூ பாஸ். அந்தப் பெருமையை மறைக்கத் தெரியாத வயது. பக்கத்தில் யாராவது ‘அவரு வந்துச்சு’ என்றால், ‘உயர்திணைக்கு அஃறிணை வினையா?’ என்று கேட்டுவிடுவேன். எனக்கு ‘டீச்சரம்மா’ என்று பெயர். பாசமாக வைத்த பெயர் இல்லை.

என் பக்கத்து ஸ்டூலில் ஸ்டெல்லா. ஆறு மாதக் கர்ப்பம். ஒருநாள் புகையில் மயங்கிச் சாய்ந்துவிட்டாள். தண்ணீர் தெளித்து எழுப்பினோம். சூப்பர்வைசர் வந்து பார்த்துவிட்டு, ‘திங்கக்கிழமையிலேர்ந்து வர வேணாம்மா, உடம்ப பாத்துக்கோ’ என்றார். அக்கறை போலத்தான் இருக்கும். அங்கே அந்தப் பேச்சுக்கு வேலை போய்விட்டது என்று பொருள். அவள் வீட்டில் சம்பாதிக்கிற ஆள் அவள் ஒருத்திதான்.

எங்களிடம் இருந்தது ஒரே வழி. மாதம் ஒருமுறை கேன்டீனில் நலக் கமிட்டி கூடும். ஆள் எடுப்பதையும் நிறுத்துவதையும் கவனிக்கும் பர்சனல் ஆபீசர் அதை நடத்துவார். எந்த வெயிலிலும் டை அவிழ்க்காத மனிதர், விதிமுறைப் பிரியர். ஒருவர் எழுந்து முன்மொழிய வேண்டும், வேறு பிரிவைச் சேர்ந்த இன்னொருவர் வழிமொழிய வேண்டும். தலையாட்டல் செல்லாது, ‘ஆமாம் சார்’ செல்லாது. வழிமொழிய ஆள் இல்லையென்றால் தீர்மானம் அங்கேயே செத்துவிடும். இந்த முறை கமிட்டி சனிக்கிழமை கூடுவதாக இருந்தது.

முன்மொழிய நான் இருந்தேன். ஸ்டெல்லாவை நிறுத்தக் கூடாது, புகை இல்லாத பேக்கிங் மேசைக்கு மாற்ற வேண்டும் என்று வாக்கியத்தையும் தயாராக வைத்திருந்தேன். வழிமொழியத்தான் ஆள் இல்லை. படித்த பெண்கள் தரையைப் பார்த்தார்கள். கடைசியில் கையெழுத்துக்கூடப் போடத் தெரியாத பேக்கிங் கன்னியம்மா அக்காதான் வந்தாள்.

‘அந்தப் பொண்ணு என் டப்பாவுல சோறு துன்னுகீது. நான் சொல்றேன். இன்னா சொல்லணும்?’

‘இந்தத் தீர்மானத்தை வழிமொழிகிறேன்.’

‘நீ சொல்றத தான் நானும் சொல்றேன்னா ஆவாதா?’

‘ஆகாதுக்கா. தீர்மானத்துக்கு வழிமொழியிறேன்னும் சொல்லக் கூடாது. தீர்மானத்தை. கடைசியில ஐ வரணும்.’

‘ஐயா வேற வரணுமா? அவரு எதுக்கு?’

பேருந்து நிறுத்தத்தில் அவளுக்குப் பயிற்சி கொடுத்தேன். அந்த வருடம் மே மாதக் குண்டுவெடிப்புக்குப் பிறகு எங்கள் பக்கம் நிலைமை எப்படி இருந்தது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஸ்ரீபெரும்புதூர் என்று ஊர்ப் பெயர் சொன்னாலே எதிரில் இருப்பவர் முகம் மாறும். நாலு பேர் கூடி நின்றால் போலீஸ் வந்துவிடும். கன்னியம்மா கண்ணை மூடிக்கொண்டு முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். ஒரு கான்ஸ்டபிள் லத்தியால் கம்பத்தைத் தட்டினார்.

‘இன்னாம்மா மந்திரம் ஓதிக்கினு கீறீங்க? வழிய மறிச்சிக்கினு நிக்காதீங்க, போங்க போங்க!’

ஓடிப்போய்ப் பேருந்தில் ஏறினோம். நான் சொல்லிக்கொடுத்த சொல்லுக்குப் பக்கத்தில் அவர் சொன்ன சொல்லும் போய் உட்கார்ந்துகொண்டதை அப்போது யார் கண்டார்கள்?

சனிக்கிழமை கேன்டீனில் நான் முன்மொழிந்தேன். குரல் நடுங்கினாலும் இலக்கணம் நடுங்கவில்லை. ஆபீசர் பேனாவைத் தூக்கிப் பிடித்து, ‘வழிமொழிவது யார்?’ என்றார்.

கன்னியம்மா எழுந்தாள். முந்தானையை இழுத்துச் செருகினாள்.

‘நான் கன்னியம்மா, பேக்கிங். இந்தத் தீர்மானத்தை வழிமறிக்கிறேன்.’

‘ஐ’ சரியாக வந்திருந்தது. ஸ்டோர்ஸ் பையன்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். ஆபீசர் சிரிக்கவில்லை.

‘மறிக்கிறதுன்னா தடுக்கிறது. ஆதரவு இல்லை. அடுத்தது.’

‘சார், அவங்க சொல்ல வந்தது…’ என்று எழுந்தேன்.

‘சொல்ல வந்தது எனக்கு வேண்டாம். சொன்னது போதும்.’

கடைசி பெஞ்சில் ஸ்டெல்லா வயிற்றின் மேல் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கன்னியம்மா அவளைப் பார்த்தாள். பிறகு ஆபீசரைப் பார்த்தாள்.

‘ஆமா சார், மறிக்கத்தான் மறிக்கிறேன். புள்ளத்தாச்சிய வெளிய அனுப்பற வழி ஒண்ணு வச்சிகீறீங்களே, அத்த மறிக்கிறேன். டீச்சரம்மா சொன்ன வார்த்தையும் வோணுமா? அதுவும் சொல்றேன். வயிமொயிகிறேன். போதுமா?’

ஆபீசர் என் பக்கம் திரும்பினார். ‘நீங்க பிளஸ் டூ படிச்சவங்க. சொல்லுங்க. இதை ஆதரவுன்னு எழுதறதா, எதிர்ப்புன்னு எழுதறதா?’

மாட்டிவிடத்தான் கேட்டார். ஆனால் கேள்வி இலக்கணக் கேள்வி. அதில் தோற்று வீட்டுக்குப் போக நான் தயாராக இல்லை.

‘சார், மறிக்கிறேன்னு ஒரு வினை இருந்தா எதைன்னு கேட்கணும். முதல்ல தீர்மானத்தைன்னாங்க. அப்புறம் அவங்களே திருத்தி, வெளியே அனுப்புற வழியைன்னு சொல்லிட்டாங்க. அந்த வழியை மறிச்சா ஸ்டெல்லா உள்ளே இருப்பா. தீர்மானம் கேட்கிறதும் அதைத்தான். ஆதரவுன்னுதான் எழுதணும்.’

ஆபீசர் குனிந்து ஏதோ எழுதினார். என்ன எழுதினார் என்று சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை முழுக்க எனக்கு ஒரே கேள்விதான். ஸ்டெல்லாவோடு சேர்த்து என்னையும் கன்னியம்மாவையும் நிறுத்திவிட்டால் அம்மாவிடம் என்ன சொல்வது? திங்கட்கிழமை மூவரும் ஒன்றாகவே கேட்டுக்குப் போனோம். வாட்ச்மேன் ஸ்டெல்லாவை நிறுத்தினார். உள்ளே போய்க் கேட்டுவிட்டு வந்தார். ‘நீ பேக்கிங்காம்மே. அந்தாண்ட போ’ என்றார். கன்னியம்மா கேட்டருகிலேயே உட்கார்ந்து ஒரு பாட்டம் அழுதாள். ‘புகை இன்னும் கண்ணுல கீது’ என்று எங்களிடம் சொன்னாள். அவள் வேலை செய்த பேக்கிங்கில் ஏது புகை?

அன்றிலிருந்து எங்கள் கூடத்தில் அந்தச் சொல்லுக்குப் புதுப் பொருள் வந்துவிட்டது. யாராவது லீவு கேட்கத் தயங்கினால் பக்கத்தில் இருப்பவள் ‘போய்க் கேளு, நான் வழிமறிக்கிறேன்’ என்பாள். நான் இருக்கிறேன், உன் பக்கம் நிற்கிறேன் என்று பொருள். நான் திருத்தவே இல்லை. கொஞ்ச நாளில் நானும் அப்படித்தான் சொன்னேன்.

பிற்பாடு கம்பெனியை மூடிவிட்டார்கள். அந்த இடத்தில் இப்போது கார்களை ஏற்றிச் செல்லும் நீண்ட லாரிகள் நிற்கின்றன. சுற்றியுள்ள கம்பெனிகளுக்குத் தென்மாவட்டப் பெண்கள் வேனில் வந்து இறங்குகிறார்கள். கான்டிராக்ட் வேலை, வருடம் திரும்பினால் வேறு முகங்கள். அவர்களை உட்காரவைத்து, யார் வழிமொழிகிறீர்கள் என்று கேட்க ஒருவரும் இல்லை. ஸ்டெல்லா ஆவடிப் பக்கம் போய்விட்டாள் என்று கேள்வி. கன்னியம்மா சிங்கப்பெருமாள் கோவிலில் மகள் வீட்டில் இருந்தாள். அங்கேயே கண்ணை மூடினாள்.

தமிழில் சில காலம் வழிமறிப்பதென்றால் துணை நிற்பது என்று பொருள் இருந்தது. எந்த அகராதியிலும் அது ஏறவில்லை. அதைப் பேசியவர்களில் எனக்குத் தெரிந்து இந்தப் பக்கம் மிச்சமிருப்பது நான் ஒருத்திதான். ஒரு சொல் உயிரோடிருக்கக் குறைந்தது இரண்டு பேராவது வேண்டும்.