மிஞ்சிய சுருளில் மெர்டேக்கா

என் கணவர் செய்திப்படம் எடுப்பவர்களுக்கு வேன் ஓட்டினார். சுதந்திரத்துக்கு முந்தைய வாரம், காஜா பேராங் பகுதியில் இருந்த எங்கள் வாடகை வீட்டுக்கு ஒரு தகர டப்பாவோடு வந்தார்.

"சினிமா ஃபிலிம். எடுத்தது போக மிச்சம். இந்தத் துண்டு இனி அவர்களுக்கு ஆகாதாம். உன் கேமராவுக்கு ஆகுமா, பார்."

அதற்கும் என் கேமரா ஃபிலிமுக்கும் அகலம் ஒன்றுதான். ஆனால் அதை வெட்டி, கேமராவுக்குள் போடும் சின்னச் சின்ன டப்பிகளில் சுற்ற வேண்டும், அதுவும் கும்மிருட்டில். காலி டப்பி கேட்டு டவுன் ஸ்டூடியோக்காரரிடம் போனேன். ஒரு கை நிறையக் கொடுத்துவிட்டுச் சிரித்தார்.

"சினிமா ஃபிலிமில் போட்டோவா? படமே விழாதும்மா."

ஜன்னலில்லாத சாமான் அறைக்குள் கதவிடுக்கெல்லாம் துணி செருகி உட்கார்ந்தேன். வெளியே பக்கத்து வீட்டுச் செட்டி அக்கா காவல். தலைமுறைகளாக இங்கேயே வாழும் செட்டிகள் மலாய்தான் பேசுவார்கள்; தமிழ் அவருக்கு வராது. "திறக்கலாமா?" என்று மலாயில் கேட்டுக்கொண்டே இருந்தார். "பெலும், காக், பெலும்!" இன்னும் இல்லை அக்கா, இன்னும் இல்லை என்று உள்ளிருந்து மலாயிலேயே கத்தினேன். முதல் சுருளைப் பேராசையில் பருமனாகச் சுற்றிவிட்டேன். கேமரா இறுகி, ஃபிலிம் கிழிந்தது. அழுகை வந்தது. அடுத்ததை மெலிதாகச் சுற்றினேன். வழுக்கிக்கொண்டு ஓடியது!

மெர்டேக்கா என்ற அந்தச் சுதந்திர நாளன்று திடலில் கால் வைக்க இடமில்லை. கொடி ஏறியபோது முழக்கம் எழுந்தது. கெபாயா என்ற மலாய்ச் சட்டை உடுத்திய செட்டி அக்கா, இரண்டு கைகளையும் உயர்த்தி, வாய் திறந்து கத்தினார். அழுத்தினேன்.

அதே திடலில் படமெடுத்துக்கொண்டிருந்த ஸ்டூடியோக்காரருக்கு மதியத்துக்குள் ஃபிலிம் தீர்ந்துவிட்டது. எல்லாக் கடைகளும் அடைப்பு. கூட்டத்தை விலக்கிக்கொண்டு என்னிடம் வந்தார்.

"ஒரு சுருள் கிடைக்குமா?"

"சினிமா ஃபிலிம்தான். பரவாயில்லையா?"

கையை நீட்டினார். கொடுத்தேன்.

மறுநாள் அவருடைய இருட்டறையிலேயே இருவர் சுருளையும் கழுவினோம். ஈரம் சொட்டச் சொட்ட விளக்குக்கு நேராகத் தூக்கிப் பிடித்தார். திடல், கொடி, முகங்கள், ஒன்றுகூடத் தப்பவில்லை. என் சுருளில் ஒரு படத்தைச் சுட்டிக்காட்டினார்.

"இந்தக் கைதூக்கிய பெண்ணைப் பெரிதாகப் பிரிண்ட் போட்டு என் கண்ணாடி அலமாரியில் வைக்கட்டுமா?"

வைத்தார். செட்டிக் கம்பமே, அந்தக் குடியிருப்பு முழுவதும், திரண்டு வந்து பார்த்தது. அக்கா தன் படத்துக்குப் பக்கத்திலேயே நின்று, வந்தவர்களிடமெல்லாம் என்னைக் காட்டினார். பக்கத்து ஊரான செமாபோக்கிலிருந்து வந்த ஒரு கல்யாண வீட்டார், தங்கள் வீட்டுக் கல்யாணத்தைப் படம் எடுக்கச் சொல்லி அங்கேயே என்னைப் பிடித்துக்கொண்டார்கள். முகூர்த்தத்தன்று நான் பந்தலுக்குள் நுழைந்ததும் யாரோ உரக்கச் சொன்னார்கள்:

"வழி விடுங்க, படம் பிடிக்கிறவங்க வந்துட்டாங்க!"