சேவியர் அண்ணாச்சி சொன்ன கதை

மீன் வேன் வந்தது, அண்ணாச்சி வரவில்லை. ஓட்டுநர் இறங்காமலேயே சொன்னார்: "அண்ணாச்சி காலையில போயிட்டாருலே. நெஞ்சுவலி. சாயந்தரம் உவரியில அடக்கம்."

உவரி மீனை அம்பாசமுத்திரம் சந்தையில் விற்றவர் சேவியர் அண்ணாச்சி. சிறு வயதுக் காய்ச்சலில் காது போனது. உதட்டைப் பார்த்துப் பேச்சைப் புரிந்துகொள்வார். யாராவது அடிமாட்டு விலைக்குக் கேட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். பேரம் அதோடு முடிந்தது. நல்லவர் என்று மட்டும் எழுதினால் மீன் வாங்கியவர்கள் சிரிப்பார்கள்.

அவருக்குப் பிடித்தது ஒரே படம்தான். இயந்திர மனிதன் வரும் ஆங்கிலச் சண்டைப்படம். எங்கள் ஊர்த் தியேட்டரில் அது எப்போது வந்தாலும் கூட்டம் அவரைச் சுற்றித்தான் உட்காரும். யாருக்கும் இங்கிலீஷ் தெரியாது. அவர் உரக்கக் கதை சொல்வார். "அந்தப் பொம்பள அதுக்கு அக்கா வே. தம்பியத் தேடி வந்திருக்கா." கடைசியில் இடியும் சுரங்கத்தின் கதவை இயந்திரம் தாங்கி நிற்க, அவள் தப்பிப்பாள். நான் எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ. கேபிள் டிவி நடத்துகிறவன். "இரும்புக்கு ஏது அக்கா?" என்றேன்.

"நீ வயரைப் பாரு. நான் மூஞ்சியப் பாக்கேன்" என்றார்.

பிறகு அதே படம் தமிழ் பேசி வந்தது. உதடுகள் ஆங்கிலத்தில்தான் அசைந்தன; அவருக்கு எதுவும் மாறவில்லை, எங்களுக்குத்தான் மாறியது. அந்தப் பெண் அக்கா இல்லை. இயந்திரத்தை அழிக்க வந்த அதிகாரி. இடைவேளைக்கு விளக்கு எரிந்ததும் தியேட்டரே அவர் பக்கம் திரும்பியது.

"அண்ணாச்சி, அக்காவா வே அது? இத்தன வருசமா நல்லா கதை விட்டீரு!" என்று பலசரக்குக் கடைக்காரர் கத்தினார். எல்லோரும் சிரித்தார்கள். அத்தனை உதடுகளையும் அண்ணாச்சி பார்த்தார். அப்போதே எழுந்து போனவர், பிறகு அந்தப் படத்தைப் பற்றி வாய் திறக்கவில்லை. தமிழ்ப் படமும் இரண்டாம் வாரம் தாண்டவில்லை. புரிந்துபோன கதையில் ஒன்றுமில்லை.

அடக்கத்துக்கு மறுநாள் மதியம், அந்தப் படத்தின் பழைய ஆங்கிலக் கேசட்டைக் கேபிளில் போட்டேன். ஒலி வயரைப் பிடுங்கிவிட்டேன். உடனே ஒரு வீட்டிலிருந்து போன்.

"ஏலே, சத்தம் வரலியே?"

"வராது. பாரும்."

என் கேபிள் அறைக்குக் கீழே, டீக்கடை டிவி முன்னால் கூட்டம். கதவைத் தாங்கும் காட்சி வந்தது. வெளியூர்க்காரர் ஒருவர், "யாரு வே அந்தப் பொம்பள?" என்று கேட்டார். பலசரக்குக் கடைக்காரர்தான் பதில் சொன்னார், உரக்க: "அதுக்கு அக்கா வே. தம்பியத் தேடி வந்தவ."

யாரும் மறுக்கவில்லை. நானும்தான்.

அண்ணாச்சி, உங்கள் கதைதான் ஊரில் நிற்கிறது. நிம்மதியாகப் போங்கள்.