கனடா மாமாவின்ர வாழ்த்து

பேத்தி ரீவியில பாட்டுப் பாடப் போனவள். நான் அவளின்ர கோட்டைப் பிடிச்சுக்கொண்டு நிண்டன். லண்டன் கோலியர்ஸ் வுட்டில ஒரு கார்ப்பெட் கடைக்கு மேல எங்கட தமிழ் ரீவி. சிறுவர் நிகழ்ச்சி செய்யிற பிள்ளை அண்டைக்கு வரேல்லை. பொறுப்பா இருந்த தம்பி சுத்திப் பாத்திட்டு, "அம்மா, பிள்ளையளோட ஒரு ஐஞ்சு நிமிசம் கதைப்பியளோ?" எண்டு கேட்டார். ஐஞ்சு நிமிசம் ஆறு வருசமாப் போச்சு.

கதை சொல்லுவன், நொடி போட்டு விடை கேப்பன், பிள்ளையளிட்ட வீட்டுப் புதினமெல்லாம் பிடுங்குவன். வாசிக்கத்தான் ஏலாது. மூண்டாம் வகுப்போட பள்ளிக்கூடமும் நானும் பிரிஞ்சிட்டம், கோவம் ஒண்டுமில்லை. இதை அங்க ஒருத்தருக்கும் சொல்லேல்லை. சொன்னா கமராவுக்கு முன்னால நான் இருக்கிற கதிரை போயிடும். வீட்டில நான் கதைச்சா ஆர் கேக்கினம்? அங்க கமரா கேட்டுது.

கரைச்சல் பிறந்தநாள் வாழ்த்துத்தான். படம் திரையில போகும், பிள்ளையின்ர பேரைத் தம்பி முதலே சொல்லித் தருவார். ஆரார் வாழ்த்தினம் எண்டதை வீட்டுக்காரர் எழுதி அனுப்பின கடிதத்தைப் பாத்து நான் வாசிக்கவேணும். நான் கடிதத்தில கண்ணை ஓடவிட்டு, "அப்பா, அம்மா, அம்மம்மா, சுவிஸ் சித்தி, கனடா மாமா" எண்டுவன். கனடாவில மாமா இல்லாத வீடு எங்களுக்குள்ள எங்க இருக்கு? ரெண்டு வருசம் ஒருத்தரும் பிழை சொல்லேல்லை.

ஒருநாள் நிகழ்ச்சி முடிய போன் வந்துது. கிங்ஸ்பரியில இருந்து ஒரு தாய். தம்பி ஸ்பீக்கரில போட்டார்.

"கனடா மாமாவை ஆர் உங்களுக்குச் சொன்னது?"

"கடிதத்தில கிடந்துது, பிள்ளை."

"கடிதம் எழுதினது நான். கனடாவில இருக்கிற அண்ணையோட ஒன்பது வருசமாக் கதைபேச்சில்லை."

தம்பி கடிதத்தை எடுத்து எனக்கு நீட்டினார். "அம்மா, இதை ஒருக்கா வாசியுங்கோ."

"கண்ணாடி கொண்டுவரேல்லை, தம்பி."

"மூக்கில கிடக்கு."

பிறகென்ன, உண்மையைச் சொன்னன். தம்பி கடிதத்தை மடிச்சு மேசையில வைச்சார். கதிரை போச்சு எண்டு எனக்கு விளங்கீட்டுது. போறதுதான் போறன், கேட்டுட்டுப் போவம் எண்டு போனைக் கிட்ட இழுத்தன்.

"பிள்ளை, என்னத்துக்குச் சண்டை?"

"என்ர கலியாண வீடியோவில அண்ணையின்ர குடும்பம் ஒரு இடமும் வரேல்லை. நான் வேணுமெண்டு வெட்டினதாம்."

"வெட்டினதோ?"

"வீடியோக்காரன் வெட்டினவன். இப்ப ரீவியில தன்னையும் சொன்னதெண்டு அண்ணை போன் எடுத்து அழுறார். அது பிழை எண்டு நான் எப்பிடிச் சொல்லுறது?"

"ஏன் சொல்லுறீர்?"

அவ சிரிச்சவவோ அழுதவவோ தெரியாது. "அந்த அம்மாவை ஒண்டும் சொல்லாதேங்கோ" எண்டு தம்பிக்குச் சொல்லிப்போட்டு வைச்சிட்டா.

அடுத்த கிழமை தம்பி என்ர காதுக்குள்ள ஒரு சின்ன மெசினைச் செருகிவிட்டார். அவர் உள்ளறையில இருந்து கடிதத்தின்ர கொப்பியைப் பாத்து வாசிப்பார், நான் வெளியில சொல்லுவன். கடிதத்தை மட்டும் முந்தி மாதிரியே பிடிச்சுக்கொண்டிருப்பன்.

எப்பவாவது ஒரு மாமாவை நானாச் சேர்ப்பன். உடன காதுக்குள்ள, "அம்மா" எண்டு ஒரு சத்தம் வரும்.