ஆனியில் வாங்கி ஆடியில் வந்த குட்டி

நாய் வளர்ப்பவர் எப்படிப்பட்டவர் என்று அவர் வீட்டு வாசலில் கால் மணி நேரம் நின்றால் எனக்குத் தெரிந்துவிடும். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். ஆனால் கொள்ளுப்பிட்டியில் ஒரு பெரிய வீட்டில் இரண்டு வருடம் நாய்களைக் குளிப்பாட்டி, சோறு வைத்து, அவற்றின் கூட்டுக்குப் பக்கத்திலேயே படுத்திருக்கிறேன். நான் அதிக காலம் நின்ற வேலை அதுதான்.

பிறகு லொறியோடு திரிந்துவிட்டு, ஓர் ஆனி மாதம் வெள்ளவத்தையில் அக்காவின் தொடர்மாடி வீட்டுக்கு வந்தேன். அத்தான் இறந்து, மகளும் கனடா போனபின் அவள் அங்கே தனி. பொமரேனியன் குட்டி ஒன்று தேடிக்கொண்டிருந்தாள். முந்திய வருடமும் ஒன்று வாங்கியிருந்தாள். பேப்பர் விளம்பரத்தைப் பார்த்து போன் எடுத்திருக்கிறாள். ஒருவன் காலி வீதி பஸ் தரிப்பிடத்தில் அட்டைப்பெட்டியோடு கொடுத்துவிட்டுப் போயிருக்கிறான். சில நாளில் இரத்தமாகக் கழிந்து அது செத்தது. பால்குடி மறக்குமுன் தாயிடமிருந்து வேளைக்கே பிரித்தது, ஊசியும் போடாதது என்றாராம் மிருக வைத்தியர். இன்னொன்றும் அப்படிப் போனால் அக்கா தாங்கமாட்டாள்.

"இந்த முறை நான் பார்த்து எடுத்துத் தாறன்," என்றேன்.

"பாரன். ஆனா வாற வெள்ளிக்கிழமை நல்ல நாள், அண்டைக்கு எடுக்க வேணும். பிறகு ஆடி பிறந்திடும். ஒரு மாசத்துக்குப் புதுசா ஒண்டும் வாங்கேலாது."

முதலில் தெகிவளையில் ஒருவனிடம் போனேன். ஒரே கூட்டில் மூன்று இனக் குட்டிகள். தாய் எங்கே என்றால் குருநாகலில் என்றான். மூத்திர நாற்றம் வீதிவரை வந்தது. வெள்ளிக்கிழமை வீட்டுக்கே கொண்டுவந்து தருவதாகச் சொன்னான். நான் திரும்பிவிட்டேன், ஆனால் கேட்டான் என்று அக்காவின் நம்பரைக் கொடுத்தது என் பிழை.

அடுத்தது கொட்டாஞ்சேனை. துறைமுகத்தில் கிளார்க்காக இருந்தவரின் மனைவி, வேதக்காரப் பெண், சுவரில் மாதா படம். தாய் நாய் முன்வாசலில் என்னைப் பார்த்து உறுமியது. அந்த அம்மா ஒரு சொல் சொன்னதும் அடங்கியது. முலைகள் தொங்கியிருந்தன, பால் கொடுக்கும் தாய்தான். குட்டிகள் நான்கு. ஒவ்வொன்றாகத் தூக்கிக் காதை மணந்து, தொப்புளைத் தடவி, பின்னங்காலை மடித்துப் பார்த்தேன். சின்ன இனங்களுக்கு முழங்கால் சில்லு நழுவும்.

"பாத்து முடிஞ்சுதா தம்பி? இப்ப நான் கேக்கிறேன். பகல்ல வீட்ல யாரு?"

"அக்கா."

"நீங்க?"

"நான் வருவன், போவன்."

"அப்ப உங்களுக்குத் தர மாட்டேன். அக்காவக் கூட்டிட்டு வாங்க. வளக்க முடியாமப் போனா வேற யாருக்கும் குடுக்கக் கூடாது, எங்கிட்டயே கொண்டு வரணும்."

கொடுத்ததைத் திரும்ப எடுக்கிறேன் என்று சொல்கிறவர்தான் வளர்ப்பவர். மற்றவர்கள் விற்பவர்கள். நான் முடிவெடுத்துவிட்டேன். ஆனால் குட்டிகளுக்கு ஆறு கிழமை, ஒன்றரை மாதம்தான். எட்டுக் கிழமை ஆகாமல் ஒன்றும் வாசல் தாண்டாது என்றார். ஆடியைப் பற்றிச் சொன்னேன்.

"குட்டிக்கு ஆடி தெரியுமா தம்பி?"

வீட்டுக்கு வந்தால் தெகிவளைக்காரன் அக்காவுக்குப் போன் பண்ணிவிட்டிருந்தான்.

"வெள்ளிக்கிழமை காலமை கொண்டு வாறாராம். நான் ஓமெண்டு சொல்லிப்போட்டன்," என்றாள்.

"போன முறையும் நல்ல நாள் பார்த்துத்தானே அக்கா எடுத்தனீங்கள்?"

அவள் சோறு வடிக்கக் குசினிக்குள் போய்விட்டாள். நானும் பின்னால் போனேன்.

"வெள்ளிக்கிழமை கொட்டாஞ்சேனைக்குப் போய் வாங்குவம். ரெண்டு கிழமை தாயோட நிக்கட்டும். ஆனியில வாங்கினதை ஆடியில கொண்டுவரக் கூடாதெண்டு ஆர் சொன்னது?"

"லொறியில திரிஞ்சு நீ வழக்குப் பேசிற அப்புக்காத்து மாதிரிக் கதைக்கப் பழகிட்டாய்," என்றாள். ஆனால் அன்று பின்னேரமே அவனுக்குப் போன் எடுத்து வேண்டாம் என்று சொன்னாள்.

வெள்ளிக்கிழமை அக்கா கைப்பையில் சந்தனத்தோடு கொட்டாஞ்சேனைக்கு வந்தாள். மாடி வீட்டுக்குச் சத்தம் குறைந்தது நல்லது என்று அந்த அம்மாவே ஒரு குட்டியைத் தெரிந்தெடுத்துக் கொடுத்தார். காசைக் கொடுத்துவிட்டு, மாதா படத்துக்குக் கீழே உட்கார்ந்து அக்கா அதன் நெற்றியில் பொட்டு வைத்தாள். தாய் நாய் வந்து உடனே நக்கிவிட்டது.

"பொட்டு தாய் வயித்துக்குள்ள போயிட்டுது. பரவால்லயா?" என்றார் அவர். அக்காவுக்கும் சிரிப்பு வந்தது.

அந்த இரண்டு கிழமையில் நான் பல்கனிக் கம்பிகளுக்கு வலை அடித்தேன். ஞாயிறு பூசை முடிந்து அந்த அம்மா நேரில் வந்து, வலைக்குள் விரலை விட்டுப் பார்த்து, ஒரு மூலையை மறுபடி அடிக்கச் சொன்னார். பிறகுதான் ஊசி அட்டையோடு குட்டியைத் தந்தார்.

கொண்டுவந்த அன்று பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்த்தாள்.

"என்னக்கா, ஆடியில போய் வாங்கியிருக்கிறியள்?"

"சீ, இது ஆனியில வாங்கினது. தாய் வீட்டில நிண்டிட்டு வருது," என்றாள் அக்கா.

அந்தக் குட்டி பதின்மூன்று வருடம் இருந்தது.