ஒரே மாதிரி இரண்டு சோடிச் சப்பாத்து

என் கால் அகலம். இதை நான் சொல்வதற்கு முன்பே ஊர் சொல்லிவிடும். பள்ளிக்கூடத்தில் கூடப் படித்தவர்கள் "தாராக் கால்" என்று கூப்பிட்டார்கள். கலியாணத்துக்கு மறுநாள் மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் என்னைப் பார்க்க வந்தபோது, முகத்தைப் பார்த்து முடித்த கண்கள் எல்லாம் கீழே இறங்கி அங்கேயே நின்றுவிட்டன. "வெள்ளாமை செய்ற வீட்டுப் புள்ளதானே, கால் அப்படித்தான் இரிக்கும்," என்று ஒருத்தி என் காதுபடவே சொன்னாள். வயலில் நான் ஒரு நாள்கூட இறங்கியதில்லை. வாப்பாவின் கால் எனக்கு வந்திருந்தது, அவ்வளவுதான். விரல்கள் விரிந்து கிடக்கும். சின்ன விரல் பக்கத்து எலும்பு வெளியே புடைத்து நிற்கும்.

கல்முனை பஸாரில் சப்பாத்துக் கடைக்காரர்களுக்கு என்னைத் தெரியும். நான் படியேறும்போதே சிலருடைய முகம் சுருங்கும். பெண்களுக்குச் சப்பாத்துச் செய்கிறவர்கள் பெண்களுக்குக் கால் இருப்பதாக நினைத்துச் செய்வதில்லை. முன்பக்கம் மாம்பிஞ்சு போலக் கூர்ந்திருக்கும். அகலம் போதாது என்றால் ஒரு சைஸ் பெரிதாக எடுத்துத் தருவார்கள். அப்போது நீளம்தான் கூடும், குதி கழன்று டப் டப் என்று அடிக்கும், சின்ன விரல் முன்பு நசுங்கிய இடத்திலேயே நசுங்கும். "போடப் போட இளகும் டீச்சர்," என்பார்கள். எத்தனை சோடி போட்டேன், ஒன்றாவது இளகியிருக்குமா? இளகியது என் தோல்தான்.

அந்த வயதில் அது வெறும் எரிச்சல். நாற்பதைத் தாண்டியபின் சீனி வருத்தம் என்கிற நீரிழிவு வந்தது, பிறகு அது வெறும் எரிச்சலாக இருக்கவில்லை. கிளினிக்கில் இருந்த லேடி டொக்டர் ஒரு மெல்லிய நைலோன் இழையால் என் பாதத்தைத் தொட்டுத் தொட்டு, "தெரியுதா? இப்ப தெரியுதா?" என்று கேட்டார். பெருவிரலில் தெரிந்தது. வெளிப்பக்கத்தில், அந்தச் சின்ன விரல் பக்கத்தில், அவர் தொடுகிறாரா இல்லையா என்பதே எனக்குத் தெரியவில்லை.

"இனி வெறுங்காலோட நடக்கப்படாது டீச்சர். வீட்டுக்குள்ளயும்தான். இறுக்கமான சப்பாத்தும் போடப்படாது. மெத்தென்று, முன்னால அகலமா, மூடினதா ஒண்டு தேடிப் போடுங்க. காயம் வந்தா உங்களுக்கு வலிக்காது. வலிக்காத காயம்தான் காலைக் கொண்டு போகும்," என்றார்.

மருந்து எழுதித் தருவது போல எவ்வளவு இலேசாகச் சொல்லிவிட்டார், மெத்தென்று, அகலமா, மூடினதா என்று! அன்றிலிருந்து என் கணவருக்கு இதுவே வேலையாகிவிட்டது. அவர் மாவடிப்பள்ளிப் பக்கம் வயல் செய்தார். வயலால் வந்து குளித்துத் தொழுதுவிட்டு, மோட்டார் சைக்கிளில் என்னை ஏற்றிக்கொண்டு கடை கடையாகப் போவார். நிந்தவூர், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று என்று ஒரு ஊரையும் விடவில்லை. ஒவ்வொரு கடையிலும் நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வெளியே வருவேன். "உன்ட காலுக்குத் தோணிதான் செய்யணும் புள்ள," என்பார். நான் வீடு வந்து சேரும்வரை அவரோடு கதைக்க மாட்டேன்.

கடைசியில் கிடைத்தது தற்செயலாக. கல்முனையில் ஒரு கடையில் அவர் தனக்குச் சப்பாத்து எடுத்தார். சாம்பல் நிறம், துணியால் செய்தது, நாடா இல்லை, உள்ளே மெத்தை. அவர் ஒரு காலைப் போட்டுப் பார்த்துக்கொண்டிருக்க, சும்மா கிடந்த மற்றதுக்குள் நான் என் காலை விட்டேன். விரல்கள் ஒவ்வொன்றும் தனித்தனியாகப் போய் உட்கார்ந்தன. எனக்கு அழுகை வந்துவிட்டது. கடைக்குள் நின்று ஒரு சப்பாத்துக்காக அழுதேன். அவர் என் முகத்தைப் பார்த்தார், குனிந்து காலைப் பார்த்தார். "இதே மாதிரி இன்னொரு சோடி தாங்க," என்றார். கடைக்காரர், "சேர், ரெண்டும் ஒரே சைஸா?" என்று கேட்டார். "ஓம், ஒரே சைஸ்தான். ரெண்டும் எனக்குத்தான்," என்றார் அவர். ஹபாயாவுக்குக் கீழே ஆண்பிள்ளைச் சப்பாத்தா என்று யாரும் என்னைக் கேட்டுவிடக் கூடாது என்பதற்காகச் சொன்ன பொய் அது.

பாடசாலைக்கும் அதுதான், வீட்டுக்குள்ளும் அடியைக் கழுவித் துடைத்துவிட்டு அதுதான். பின்வாசலில் இரண்டு சோடியும் பக்கத்தில் பக்கத்தில் கிடக்கும். எது எவருடையது என்று மாறிப்போவதால், என்னுடையதின் குதியில் உள்பக்கமாகப் பச்சை நூலால் இரண்டு தையல் போட்டு வைத்தேன். கிளினிக்கில் டொக்டர் என் காலைப் புரட்டிப் பார்த்து, "கீறல்கூட இல்லை," என்று சொல்லும்போதெல்லாம் என் கணவர் தானே பரீட்சை பாஸானது போல நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நிற்பார்.

ஒருநாள் விடியச் சுபஹு தொழுதுவிட்டு வந்து நெஞ்சைத் தடவிக்கொண்டு கட்டிலில் இருந்தார். தண்ணீர் கேட்டார். நான் தண்ணீரோடு வந்தபோது அவர் இல்லை.

அன்று பின்னேரம் அஸருக்குப் பின் அவருடைய ஜனாஸா மையவாடிக்கு அடக்கப் போனது. என்னை உள்ளறையில் இருத்தி வெள்ளைச் சேலை உடுத்திவிட்டார்கள். கணவன் மவுத்தான பெண் நாலு மாதமும் பத்து நாளும் இத்தா இருப்பாள், அது முடியும்வரை வீட்டை விட்டு வெளியே போவதில்லை, அந்நிய ஆண்களின் கண்ணில் படுவதுமில்லை. யாசீன் ஓத வந்த பெண்களால் அறை நிறைந்திருந்தது. நான் வெறுங்காலோடு பாயில் இருந்தேன். சப்பாத்தைப் பற்றி அப்போது யாருக்கு நினைவு வரும்? எனக்கே வரவில்லை.

என் கணவர் அட்டாளைச்சேனைக்காரர். எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண்ணுடைய வீட்டுக்கு வந்து வாழ்வார். அவருடைய மூத்த சகோதரி, என் மதினி, மவுத்து வீட்டுக்கு வந்து ஏழாம் நாள் கத்தம் ஓதும்வரை தங்கி எல்லா வேலையையும் இழுத்துப் போட்டுக்கொண்டு செய்தார். கத்தம் முடிந்த கையோடு, மவுத்தானவரின் உடுப்புகளை ஏழைகளுக்குக் கொடுக்கும் வழக்கப்படி, தம்பியுடைய சாரம், சேட்டு, தொப்பி எல்லாவற்றையும் மூட்டை கட்டினார். பின்வாசலில் ஒரே மாதிரி இரண்டு சோடி ஆண்பிள்ளைச் சப்பாத்து கிடந்தது. தம்பியுடையதுதான் என்று நினைத்து இரண்டையும் மூட்டைக்குள் வைத்து அட்டாளைச்சேனைக்குக் கொண்டு போய்ப் பங்கிட்டுக் கொடுத்துவிட்டார்.

சில நாள் கழித்து, குளியலறைக்குப் போகும் வழியில் முற்றத்து மணலில் கால் வைக்கும்போதுதான் எனக்கு உறைத்தது. என் மகளைக் கூப்பிட்டு, "என்ட சப்பாத்தை எடுத்து வாங்க," என்றேன். அவள் பின்வாசலுக்குப் போய் வெறுங்கையோடு வந்து நின்றாள்.

மதினி அடுத்த முறை வந்தபோது கேட்டேன்.

"அது உன்டதா? அல்லாஹ்வே, ரெண்டும் தம்பிர எண்டுதான் நினைச்சன் புள்ள. பொம்பிள போடுற சாமானெண்டு எனக்கு எப்படித் தெரியும்?"

"யாருக்குக் குடுத்தீங்க மதினி? கேட்டு வாங்கித் தாங்க."

"குடுத்த ஸதக்காவைத் திருப்பிக் கேக்கிறதா? அதுர நன்மை அவன்ட கப்ருக்குப் போய்ச் சேந்திரிக்கும். அதையா பறிக்கச் சொல்றாய்?"

"நன்மை அவருக்கு. கால் எனக்கு," என்றேன். சொன்ன வேகத்தில் அறையில் இருந்த பெண்கள் ஓதுவதை நிறுத்திவிட்டார்கள். மதினி அழ ஆரம்பித்தார். தம்பியைப் பறிகொடுத்த மனிசி.

அதே கடையில் அதே மாதிரி ஒன்று வாங்கி வரும்படி மகளிடம் சொன்னேன். அதைக் கேட்டு மதினி கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தார். "ஆம்பிள இல்லாத வீடு. இத்தா இரிக்கிற பொம்பிள. வாசல்ல புதுசா ஆம்பிளைச் சப்பாத்துக் கிடந்தா சனம் என்ன கதைக்கும்? நாளைக்கு இவளுக்கு மாப்பிள்ளை பாக்கிறதில்லையா?" என்று மகளைக் காட்டினார். அவர் சொன்னதில் பொய் இல்லை. எங்கள் ஊரில் வீட்டுக்குள் யார் இருக்கிறார்கள் என்பதை வாசலில் கிடக்கும் செருப்பைப் பார்த்துத்தான் சனம் தெரிந்துகொள்ளும். உள்ளே வைத்துக்கொள்கிறேன், வாசலில் போடவே மாட்டேன் என்று நான் சொல்லியிருக்கலாம். மகளுடைய முகத்தைப் பார்த்தேன். "பொம்பிளைகள்ர ஒண்டே பாத்து வாங்குங்க மகள்," என்றேன்.

மகள் பெண்களுடைய சப்பாத்து ஒன்று வாங்கி வந்தாள். கறுப்பு, மூடினது, பார்க்க மெத்தென்றுதான் இருந்தது. "இதுதான் அகலமெண்டு கடைக்காரர் சொன்னார் உம்மா. போடப் போட இளகுமாம்." நான் போட்டுப் பார்த்தேன். பெருவிரல் பக்கம் கொஞ்சம் இறுக்கியது. சின்ன விரல் பக்கம் ஒன்றும் தெரியவில்லை. "வலிக்குதா உம்மா?" என்று கேட்டாள். "இல்ல மகள், நல்லாத்தான் இரிக்கி," என்றேன். அவள் சந்தோஷப்பட்டாள். மவுத்துக்குப் பிறகு அவள் முகம் மலர்ந்ததை அன்றுதான் பார்த்தேன். காலையிலிருந்து இரவுவரை அதைப் போட்டுக்கொண்டு திரிந்தேன்.

எறும்பைத்தான் முதலில் கண்டோம். நான் தொழுகைக்குக் கைகால் கழுவி வுழூச் செய்யப் போயிருந்த நேரம், கழற்றி வைத்த வலது சப்பாத்துக்குள் சின்ன எறும்புகள் வரிசையாகப் போவதை மகள் கண்டாள். உள்ளே என்னமோ இனிப்புச் சிந்தியிருக்கிறது என்று நினைத்துக் கையை விட்டாள். கை ஈரமாக வந்தது. பிறகு ஓடிவந்து என் காலைப் பிடித்துப் பார்த்தாள். சின்ன விரலின் வெளிப்பக்கம் தோல் உரிந்து, அடியில் கறுத்திருந்தது. நான் அந்தக் காலைக் கழுவித் தொழுதுகொண்டுதான் இருந்தேன். எனக்குத் தெரியவில்லை.

உடனே ஆஸ்பத்திரிக்குப் போவோம் என்றாள் மகள். பெண்கள் கூடிவிட்டார்கள். இத்தாவில் எப்படி வெளியே போவது, ஆண் டொக்டர் தொடுவாரே, முதலில் மௌலவியிடம் கேட்டுச் செய்வோம் என்றார்கள். மௌலவி கொழும்புக்குப் போயிருந்தார். வரட்டும் என்றார்கள். மருந்துக் கடையில் களிம்பு வாங்கிப் பூசினார்கள், மஞ்சள் அரைத்து வைத்தார்கள். ஒருத்திக்காவது டெலிபோன் எடுத்துக் கேட்கத் தோன்றவில்லை. எனக்குக் காய்ச்சல் வந்து, அறைக்குள் ஆட்களுக்கு மூக்கைப் பொத்தத் தோன்றுகிற அளவுக்கு வாடை வந்தபின், மகள்தான் டெலிபோனைத் தூக்கினாள். மௌலவி பதறிப்போனார். "இதெல்லாம் கேக்கிற விஷயமா மகள்? நோயாளி எந்த நேரமும் போகலாம். உம்மாவ உடனே கொண்டு போங்க." அதைச் சொல்ல அவருக்கு எவ்வளவு நேரம் எடுத்தது! நாங்கள் எவ்வளவு நாள் காத்திருந்தோம்!

சின்ன விரலை எடுத்தார்கள். விரல் மட்டும் போதவில்லை. அது சேர்ந்திருந்த பாதத்து எலும்பையும், கடைக்காரர்கள் எல்லாருக்கும் இடைஞ்சலாகப் புடைத்து நின்ற அந்த எலும்பையும், வெட்டி எடுத்தார்கள். "நல்ல நேரத்துக்கு வந்தீங்க, காலாவது தப்பிச்சிது," என்றார் டொக்டர். நல்ல நேரமாம்.

வெட்டிய உறுப்பை எறிவதில்லை, அடக்க வேண்டும். மதினியின் மகன் அதை வெள்ளைத் துணியில் சுற்றி மையவாடிக்குக் கொண்டு போனான். என் கணவர் அடங்கியிருக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே அடக்கியதாக வந்து சொன்னான். எங்கள் ஊரில் பெண்கள் மையவாடிக்குப் போவதில்லை. நான் போக முடியாத இடத்துக்கு என் விரல் போய்விட்டது. மதினி என் கட்டிலின் கால்மாட்டில் இருந்து கட்டுப் போட்ட காலைத் தடவிக்கொண்டே அழுதார். எனக்கு அவர் மேல் கோபம் வந்தது, பாவமாகவும் இருந்தது. கையை எடுங்க என்று சொல்ல நினைத்துச் சொல்லாமல் விட்டேன். அவர் தொட்டதும் எனக்குத் தெரியவில்லைதானே.

இத்தா முடிந்து, காயமும் ஆறி, பாடசாலைக்குத் திரும்ப வேண்டிய நாள் வந்தது. மகளோடு பஸாருக்குப் போனேன். அந்தச் சாம்பல் நிறச் சப்பாத்து இப்போது வருவதில்லை என்றார் கடைக்காரர். "அது ஆம்பிளைகள்ர தானே டீச்சர். உங்களுக்கு இதைப் போட்டுப் பாருங்க," என்று பெண்களுடைய ஒரு சோடியை எடுத்து வைத்தார். முன்பக்கம் கூர்ந்த அதே வகை.

கறுப்புக் காலுறையோடு வலது காலை முதலில் விட்டேன். ஒரு தடையும் இல்லாமல் உள்ளே போய்க் குதிவரை படிந்தது. இத்தனை வருஷத்தில் ஒரு பெண்கள் சப்பாத்து என் காலில் அப்படி ஏறியதில்லை. இடது கால் சப்பாத்தின் வாயிலேயே நின்றுவிட்டது. அதை ஹபாயாவுக்குள் இழுத்துக்கொண்டேன்.

கடைக்காரர் குனிந்து வலது காலைப் பார்த்தார். அவருக்கு உண்மையாகவே சந்தோஷம். "பாத்தீங்களா டீச்சர், எவ்வளவு காலமாத் தேடினீங்க! கடைசியா உங்கட காலுக்கு அளவு சரியா வந்திட்டு."

"ஓம்," என்றேன். மகள் கடைக்கு வெளியே போய் நின்றுகொண்டாள்.